கட்டையும் கனமும்

ராக் இசைக்குழுவில் பல ஆண்டுகள் கீபோர்டு வாசித்த ஒருவர், முப்பது நாற்பது வயதில் மேற்கத்தியச் செவ்வியல் பியானோவைக் கற்க முற்படும்போது, அவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: இதுவரை கற்றதை மறந்துவிட்டு அரிச்சுவடியிலிருந்து தொடங்குங்கள். ஆசிரியர் பலர் இவ்வாறு கருதுகின்றனர். கற்க வருவோரும், ஏதோ குற்றம் செய்தவர் போலத் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொள்கின்றனர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை இசைக்கருவிகளின் வரலாறே மறுக்கிறது என்பது நம் கருத்து. அதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கண்ணுக்கு இரண்டு கருவிகளும் ஒன்றுதான். வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. எந்தச் சுரம் எங்கே என்பதில் மாற்றமில்லை. ஏமாற்றுவது இந்த ஒற்றுமைதான். வீணை வாசித்தவர் வயலினைக் கையில் எடுத்தால், இது வேறு கருவி என்பதை அவர் கை உடனே உணர்ந்துவிடும். கீபோர்டிலிருந்து பியானோவுக்குச் செல்பவரின் கைக்கு அத்தகைய எச்சரிக்கை கிடைப்பதில்லை. பழகிய தெருவில் நடப்பதாக எண்ணியே அது நடக்கிறது. தடுக்கி விழுந்த பின்னர்தான் இது வேறு ஊர் எனத் தெரிகிறது.

வேறுபாடு எங்கே உள்ளது? ராக் இசையின் முதல் தலைமுறைக் கீபோர்டுக் கலைஞர்கள் பெரிதும் நம்பியது ஹாமண்ட் ஆர்கன் என்னும் கருவியை. அமெரிக்கரான லாரன்ஸ் ஹாமண்ட் உருவாக்கி, 1935-இல் விற்பனைக்கு வந்த இக்கருவி, குழல் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. உள்ளே பல்சக்கரங்கள் ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். கட்டையை அழுத்தினால் மின்தொடர்பு ஏற்பட்டு ஒலி வெளிவரும். விரலை எடுத்தால் நின்றுவிடும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியின் அளவு ஒன்றே. அதைக் கூட்டவும் குறைக்கவும் காலடியில் தனி மிதி உண்டு. நம்மூர் ஹார்மோனியத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அங்கும் ஒலியின் வலிமை துருத்தியில் இருக்கிறதேயன்றிக் கட்டையை அழுத்தும் விரலில் இல்லை. சுருங்கச் சொன்னால் ஹாமண்டின் கட்டை ஒரு மின்விசை. விளக்கைப் போடுவதும் அணைப்பதும் போன்றது.

இங்கிலாந்தின் கீத் எமர்சன் இத்தன்மையை மேடையிலேயே காட்டினார். 1960-களின் பிற்பகுதியில், கட்டைகளின் இடுக்கில் கத்தியைச் செருகிவிட்டு அவர் ஆர்கனை விட்டு அகன்றுவிடுவார். சுரம் தானே ஒலித்துக்கொண்டிருக்கும். பார்த்தவர்கள் அதை ஒரு வித்தையாகவே கண்டனர். ஆயின் அக்கருவியின் இயல்பையே அந்தக் கத்தி விளக்கிவிடுகிறது. கட்டை கீழே இருக்கும் வரையில் ஒலி தேயாது, வளராது, மாறாது. அதே கத்தியைப் பியானோவில் செருகிப் பயனில்லை. பியானோவின் ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குவது.

பியானோவில் விரல் ஒரு கட்டையை அழுத்தும்போது, நெம்புகோல்களின் தொடர் வழியே கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் ஒன்று மேலெழுந்து கம்பியைத் தாக்குகிறது. கம்பியை அடைவதற்குச் சற்று முன்பே அது விரலின் ஆளுகையிலிருந்து விடுபட்டுத் தனித்துப் பறக்கிறது. கட்டை இறங்குவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அந்தச் சிறு தொலைவுக்குள் கை எவ்வளவு வேகத்தைக் கொடுத்தது என்பதே ஒலியின் அளவையும் அதன் நிறத்தையும் பெரிதும் முடிவு செய்கிறது. அடித்தபின் அந்த ஒலியை வளர்க்க எந்த வழியுமில்லை. ஒவ்வொன்றும் பிறந்தவுடன் தேயும் சுரங்களை அடுக்கி, அவை ஒன்றோடொன்று இழைந்து பாடுவதாகக் கேட்போரை நம்பவைக்க வேண்டும். செவ்வியல் பியானோ பயிற்சியின் பெரும்பகுதி இந்த நம்பவைத்தலுக்கான பயிற்சியே. அதற்கு விரலின் விரைவு மட்டும் போதாது. தோளிலிருந்து விரல்நுனி வரை கையின் கனத்தை அளந்து இறக்கத் தெரியவேண்டும். ஹாமண்டில் பழகிய கை விரைவை அறியும்; கனத்தை அளந்து இறக்க வேண்டிய தேவை அதற்கு நேர்ந்ததில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். விசையிலிருந்து கனத்துக்கு மாறவேண்டிய இந்த இக்கட்டு மின்சாரத்தோடு பிறந்ததன்று. பியானோவுக்கு முன் ஐரோப்பிய அவைகளில் கோலோச்சியது ஹார்ப்சிகார்டு. அதில் கட்டையை அழுத்தினால் சிறு அலகு ஒன்று கம்பியை மீட்டும். எப்படி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. பிரான்சின் பெரும் ஹார்ப்சிகார்டுக் கலைஞரான பிரான்சுவா கூப்பரென், 1713-இல் வெளியிட்ட தம் முதல் தொகுதியின் முன்னுரையில் இக்குறையை ஒப்புக்கொள்கிறார். ஒலியைப் பெருக்கவும் குறைக்கவும் இயலாத இக்கருவிக்கு உணர்ச்சி வெளிப்பாட்டைத் தரவல்லவர் எவரேனும் தோன்றினால் அவருக்கு நன்றி பாராட்டுவேன் என்ற கருத்தை அங்கே காண்கிறோம். அவர் வேண்டிய கருவி அதற்குள் பிறந்துவிட்டிருந்தது. புளோரன்சு நகரில் மெடிச்சி குடும்பத்தின் கருவிகளைப் பேணிவந்த பார்த்தொலோமியோ கிறிஸ்தோபோரி உருவாக்கிய சுத்தியல் கருவி, 1700-ஆம் ஆண்டின் அரண்மனைப் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. மென்மையும் வன்மையும் கூடியது என்பதே அதற்கு இடப்பட்ட பெயரின் பொருள். அப்பெயரின் ஒரு பாதிதான் இன்று பியானோ என்று எஞ்சியிருக்கிறது.

புதிய கருவியைக் கண்டவுடன் எல்லோரும் அதைத் தழுவிக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் கோட்பிரீட் சில்பர்மன் செய்த பியானோவை வாசித்துப் பார்த்த யோகான் செபாஸ்டியன் பாக், அதன் நாதத்தைப் பாராட்டிவிட்டு இரண்டு குறைகளைச் சுட்டினார் என்று அவருடைய மாணவர் அக்ரிகோலா பதிவு செய்திருக்கிறார். மேல் ஸ்தாயியில் ஒலி மெலிந்திருக்கிறது என்பது ஒன்று. கட்டைகள் அழுத்துவதற்கு மிகக் கடினமாக இருக்கின்றன என்பது மற்றொன்று. இன்று கீபோர்டிலிருந்து பியானோவுக்கு வரும் எவரும் முதல் நாள் சொல்லும் குறை இதுவே! சில்பர்மன் சினந்தாராம், எனினும் பல ஆண்டுகள் உழைத்துக் கருவியைத் திருத்தினார். 1747 மே மாதம் போட்ஸ்டாம் அரண்மனையில், மன்னர் இரண்டாம் பிரெடரிக் கொடுத்த ஒரு கருப்பொருளை வைத்து பாக் அங்கேயே மூன்று குரல் பியூக் ஒன்றை மனோதர்மமாக வாசித்தது இந்தச் சில்பர்மன் பியானோவில்தான்.

பாக் மட்டுமல்லர். மோட்சார்ட்டின் வாசிப்பைப் பற்றி பீத்தோவன் கூறியதாக அவர் மாணவர் கார்ல் செர்னி எழுதிவைத்த குறிப்பு நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. மோட்சார்ட்டின் வாசிப்பு நுட்பமானது, ஆனால் துண்டு துண்டானது, சுரங்கள் இழையவில்லை. பியானோ குழந்தைப் பருவத்தில் இருந்த காலத்தில் அவர் ஹார்ப்சிகார்டு வகைக் கருவிகளில் பழகிவிட்டதே அதற்குக் காரணம் என்பது அக்குறிப்பின் சாரம். பீத்தோவன் மோட்சார்ட்டின் வாசிப்பை நேரில் கேட்டாரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். முந்தைய கருவியின் பழக்கம் புதிய கருவியில் வாசிக்கும் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை அக்காலத்தவர் தெளிவாக அறிந்திருந்தனர். அதனால்தான் பீத்தோவன் சிறுவன் செர்னிக்கு முதல் பாடங்களில் சுரவரிசைகளையும் கைநிலையையும் பயிற்றினார். பாக்கின் மைந்தர் கார்ல் பிலிப் எமானுவேல் 1753-இல் வெளியிட்ட கருவிப் பயிற்சி நூலை வாங்கச் சொன்னார். இழைத்து வாசிப்பதை விடாது வற்புறுத்தினார்.

ஆக, ஐரோப்பா தலைமுறை தலைமுறையாகக் கடந்த வழியைத்தான் இன்றைய ராக் கீபோர்டுக் கலைஞர் தம் பத்து விரல்களில் தனியொருவராகக் கடக்கிறார். மோட்சார்ட் வாசித்த பியானோக்களின் வீச்சு ஏறத்தாழ ஐந்து ஸ்தாயிகள். இன்றைய மேடைக் கீபோர்டுகள் பலவற்றிலும் 61 கட்டைகள். அதே ஐந்து ஸ்தாயிகள்! பியானோவின் 88 கட்டைகள் நிலைபெற்றது 1880-களுக்குப் பிறகே. 1983-இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 போன்ற கருவிகள், அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலியை மாற்றும் தன்மையைப் பரவலாக்கின. அதே ஆண்டு வழக்குக்கு வந்த மிடி என்னும் பொது மொழி, அந்த வேகத்தை 127 படிகளாகப் பகுத்தது. அப்போதும் கட்டையின் அடியில் இருந்தது வில்கம்பியே. தூக்கியெறிய வேண்டிய சுத்தியல் ஏதும் அங்கில்லை. சுத்தியலின் கனத்தைப் போலச் செய்யும் கட்டைகள் பின்னர் பெருகின. இடைவெளி குறுகியதே தவிர மறையவில்லை.

கருவி ஒருபுறம் என்றால், குழு மறுபுறம். ராக் குழுவில் கீழ்ச்சுரங்களை பேஸ் கித்தார் ஏந்திக்கொள்கிறது. காலத்தை டிரம் கணக்கிடுகிறது. பாட்டைப் பாடகர் சுமக்கிறார். கீபோர்டுக்காரரின் வலக்கை கார்டுகளையும் இடையிசையையும் வாசிக்கும். இடக்கை பெரும்பாலும் துணைக்கு வரும். அல்லது சுரத்தை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். இடக்கை அடக்கமாக இருப்பது அங்கே ஒழுக்கம். பேஸ் கித்தாரின் இடத்தில் நுழைந்தால் இசை கலங்கிவிடும். பியானோவின் முன் தனியே அமர்ந்தவுடன் இந்த ஒழுக்கமே ஊனமாகிறது. அடியொலியும் பாட்டும் காலமும் இப்போது ஒருவர் பொறுப்பு. தவறினால் மறைத்துக்கொள்ள டிரம்மின் முழக்கமில்லை. காலத்தைப் பிடித்துச் செல்வதோடு நில்லாமல், ஒரு சொற்றொடரின் முடிவில் அதைச் சற்றே தளர்த்தவும் மீட்டுக்கொள்ளவும் தெரியவேண்டும்.

இதற்கு மருந்தாக ஆசிரியர் பலர் முதலில் தருவது பாக் 1723-இல் செம்மைப்படுத்தித் தொகுத்த இன்வென்ஷன்கள். இரு கைகளும் இரு குரல்கள். எது தலைமை, எது துணை என்ற பேச்சுக்கே இடமில்லை. அத்தொகுப்பின் முகப்பில் பாக் தம் நோக்கத்தை எழுதிவைத்துள்ளார். இரு குரல்களைத் தெளிவாக வாசிக்கக் கற்பது ஒரு நோக்கம். பாடுவது போல வாசிக்கும் முறையை அடைவது இன்னொன்று. அவற்றோடு, நல்ல இசைக்கருத்துகளைத் தாமே கண்டுபிடித்து வளர்ப்பதையும், இசையமைப்பின் சுவையை முன்கூட்டியே அறிவதையும் அவர் சேர்த்தே குறிப்பிடுகிறார். இந்த இறுதிப் பகுதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இன்றைய பியானோ வகுப்புகள் பலவற்றில் கைவிடப்பட்டது அதுவே.

மேடையிலிருந்து செவ்வியலை நோக்கிச் சென்ற மூவரை இங்கே எண்ணிப் பார்க்கலாம். மூவரும் சிறுவயதில் பியானோ பாடம் கற்றவர்களே. ஆகவே அவர்களுடையது ஒருவகையில் திரும்புதல்.

முதலாமவர் டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட். 1969 செப்டம்பர் 24 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், மால்கம் ஆர்னால்டு நடத்த, ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தம் ராக் குழுவையும் சேர்த்து அவர் எழுதிய கான்செர்ட்டோ அரங்கேறியது. 1970-இல் அதன் இசைப்பிரதி காணாமற்போயிற்று. பின்னாளில் டச்சுக்காரரான மார்கோ டி கூய் என்பவர் ஒலிப்பதிவையும் படப்பதிவையும் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டே அதனை மீட்டெழுதினார். லார்டும் உடனிருந்து திருத்த, 1999-இல் அதே அரங்கில் அது மீண்டும் ஒலித்தது. எழுத்து அழிந்த இடத்தில் செவி அதனைக் காத்தது. 2002-இல் குழுவை விட்டு விலகிய லார்ட், 2012-இல் மறையும் வரை இசைக்குழுக்களுக்கும் பியானோவுக்குமான ஆக்கங்களிலேயே ஆழ்ந்திருந்தார்.

இரண்டாமவர் நாம் மேலே கண்ட எமர்சன். கட்டைகளில் கத்தி செருகிய அதே கைகள் 1977-இல் ஒரு பியானோ கான்செர்ட்டோவை வெளியிட்டன. இலண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை அதில் நடத்தியவர் கல்கத்தாவில் பிறந்த இசையமைப்பாளர் ஜான் மேயர். ராக் ரசிகர் பலருக்கு அது வழிதவறலாகத் தோன்றிற்று. செவ்வியல் வட்டத்தில் அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1993-இல் எமர்சனின் வலக்கையில் நரம்புக் கோளாறு தோன்றிச் சில காலம் வாசிக்கவே இயலாமற்போயிற்று. 2016 மார்ச்சில் அவர் மறைந்தார். ஆயின் அவருடைய கான்செர்ட்டோ அவர் கையை விட்டுப் பிறர் கைக்குச் சென்றுவிட்டது. அமெரிக்கப் பியானோக் கலைஞர் ஜெஃப்ரி பீகல் அதனை மேடைகளில் வாசித்திருக்கிறார். எழுதப்பட்ட இசை தரும் வரம் இது. குழு கலைந்தாலும், கை ஓய்ந்தாலும், தாள் இன்னொருவரை அழைக்கும்.

மூன்றாமவர் அமெரிக்காவின் பில்லி ஜோயல். 1970-இல் அட்டிலா என்ற பெயரில் ஒரு டிரம் கலைஞரோடு சேர்ந்து, பேரொலி எழுப்பும் ஹாமண்ட் ஆர்கன் வாசித்தவர் அவர். பெரும் புகழுக்குப் பின், 2001-இல் தனிப் பியானோவுக்கான செவ்வியல் பாணி இசையைத் தாமே எழுதித் தொகுப்பாக வெளியிட்டார். அதை வாசித்தவர் ஜோயல் அல்லர். ரிச்சர்டு ஜூ என்ற செவ்வியல் கலைஞர். வாழ்நாளெல்லாம் பியானோவின் முன் அமர்ந்து பாடிய ஒருவர், தம் இசையைத் தாமே எழுதிவிட்டு, அதை வாசிக்கும் இருக்கையை மட்டும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். மனம் சென்றடைந்த இடத்துக்குக் கையும் உடன் சென்றாக வேண்டும் என்பதில்லை. இதைத் தோல்வி என்று நாம் கருதவில்லை.

இதுவரை கூறியது மேடையிலிருந்து வருபவருக்கு இல்லாதவை பற்றி. அவரிடம் இருப்பவை எவை? ஒருமுறை கேட்ட பாட்டுக்கு உடனே கார்டு வைப்பார். பாடகர் சுருதியை மாற்றினால் அக்கணமே தாமும் மாற்றிக்கொள்வார். இடையிசைக்கு இடம் கிடைத்தால் அங்கேயே கற்பனை செய்து நிரப்புவார். செவ்வியல் வகுப்பில் இவற்றுக்குப் பெரும்பாலும் மதிப்பெண் இல்லை. ஆனால் பாக்கின் காலத்தில் கட்டைக்கருவிக் கலைஞனின் அடிப்படைத் தகுதிகளே இவை. அன்று துணை வாசிப்பவருக்குக் கிடைத்தது அடிக்குரலும் அதன் மீது இட்ட சில எண்களும் மட்டுமே. அவற்றைக் கொண்டு முழு இசையையும் அவர் அந்தக் கணத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். ராக் கலைஞர் காகிதத்துண்டில் எழுதிவைக்கும் கார்டுப் பெயர்கள் இந்த எண்களின் தூரத்து உறவே.

மனோதர்மம் செவ்வியல் மேடையிலிருந்து மறைந்ததும் ஒரே நாளில் நிகழவில்லை. செர்னி 1829-இல் மனோதர்ம வாசிப்புக்கென்றே தனிப் பயிற்சி நூல் எழுதினார். கிளாரா ஷூமன் ஓர் ஆக்கத்தை வாசிக்குமுன் அதற்கேற்ற முன்னிசை ஒன்றைக் கற்பனையாக வாசித்துத் தொடங்கும் வழக்கமுடையவர். மகள்களின் வேண்டுகோளுக்கு இணங்க, அத்தகைய முன்னிசைகள் சிலவற்றை 1895-இல் அவர் எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு மறைந்தார். 1795-இல் பாரிசிலும் 1843-இல் லைப்சிக்கிலும் தோன்றிய இசைக்கல்லூரிகளின் வழிவந்த கல்விமுறை, அச்சிட்ட பிரதி, பாடத்திட்டம், தேர்வு ஆகிய எல்லாம் சேர்ந்து, எழுதியதை எழுதியவாறு வாசிப்பதையே புலமையின் அளவுகோலாக்கின. இதனால் வாசிப்பின் தரம் உயர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பீத்தோவனின் இறுதிக்காலச் சொனாட்டாக்களை உலகின் எம்மூலையிலும் ஒருவர் இன்று பிழையின்றி வாசிக்க முடிவது இக்கல்வியின் கொடை. ஆயினும் கொடுத்த கையே ஒன்றை எடுத்தும் கொண்டது.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைக் கவிகளை வகுத்தபோது நம் முன்னோர் ஆசுகவிக்குத் தனியிடம் அளித்தனர். கொடுத்த ஈற்றடிக்கு அவையிலேயே வெண்பாப் பாடிய காளமேகத்தின் கதைகளை இன்றும் சுவைத்துப் பேசுகிறோம். ஆனால் நம் வகுப்பறையில் நடப்பது என்ன? வெண்பாவை அலகிட்டுச் சீரும் தளையும் வாய்பாடும் பிழையின்றிச் சொல்லும் மாணவர் பலர் உளர். தாமாக ஒரு வெண்பா எழுதுவோர் அரியர். இலக்கணம் அறிந்தும் பாடத் தெரியாத மாணவரும், சொனாட்டா வாசித்தும் எளிய பாட்டொன்றுக்குத் துணை வாசிக்கத் தெரியாத பியானோ மாணவரும் ஒரே கல்விமுறையின் பிள்ளைகள்.

சென்னையிலும் இந்த இரு உலகங்களும் சந்தித்ததுண்டு. இலண்டன் டிரினிட்டி கல்லூரி 1877-இல் தொடங்கிய வெளித்தேர்வு முறை கடல் கடந்து இங்கு வந்து வேரூன்றியது. மாஸ்டர் தன்ராஜிடம் பயின்றவரும், ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ முதலிய குழுக்களில் கீபோர்டு வாசித்தவருமான ஏ.ஆர். ரகுமான், டிரினிட்டியின் வழியே மேற்கத்தியச் செவ்வியலில் பட்டயம் பெற்றவர். அவர் கச்சேரிப் பியானோக் கலைஞராகவில்லை. 1992-இல் ரோஜா வழியே வேறு திசையில் சென்றார். எனினும் 2008-இல் சென்னையில் அவர் நிறுவிய இசைக்கல்லூரியில் மேற்கத்தியச் செவ்வியலும் இந்துஸ்தானியும் இசைத் தொழில்நுட்பமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படுவது, மேடையையும் பிரதியையும் பகையாகக் காணாத ஒரு மனத்தின் வெளிப்பாடு எனலாம்.

இனி நம் தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். ராக் மேடையிலிருந்து வருபவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டுமா? கையைப் பொறுத்தவரை, ஆம். கனத்தை அளந்து இறக்குவதையும், இடக்கையைத் தன்காலில் நிற்கவைப்பதையும், இழைத்து வாசிப்பதையும் அவர் புதிதாகவே கற்கவேண்டும். இதில் குறுக்குவழி ஏதுமில்லை. மோட்சார்ட்டுக்கே இல்லை என்று செர்னியின் குறிப்பு கூறுகிறது. செவியையும் கற்பனையையும் பொறுத்தவரை அவர் மறக்கவேண்டியது ஒன்றுமில்லை. மறக்கச் செய்யும் ஆசிரியர், பாக் தம் முகப்பில் எழுதிய நோக்கத்தின் ஒரு பாதியை அழிக்கிறார்.

அத்தகைய மாணவர் ஒருவர் முதல் இன்வென்ஷனைக் கற்று முடித்ததும், அதன் தொடக்கத்து ஏழெட்டுச் சுரங்களை எடுத்துக்கொண்டு தாமாகச் சில அடிகள் வாசித்துப் பார்க்கும்படி ஆசிரியர் சொல்லலாம். அப்போது அவர் கை தடுமாறும். ஆனால் மேடையில் கழித்த ஆண்டுகள் அவருக்குத் துணை நிற்கும். போட்ஸ்டாமில் மன்னர் முன்னிலையில் பாக் செய்ததும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.